நாளொரு மடல்

கலை என்பது கற்றுத் தேர்ந்த சிலருக்கே உரியது, ஏனையோர் அதனைக் கண்டு மகிழ்ந்தால் போதும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஓவியம் ஓவியருக்கு, கவிதை கவிஞருக்கு, நமக்கோ கைதட்டல் என்று பங்கு பிரித்துக்கொண்டுவிட்டோம். இப்பங்கீட்டை ஏற்காத கலை ஒன்று உண்டு. அஞ்சற்கலை என அதனை அழைக்கலாம். சிறியதோர் அட்டையில் தம் கையால் வரைந்தோ, தாள்களை வெட்டி ஒட்டியோ, முத்திரை குத்தியோ, அஞ்சல்தலை இட்டு ஒருவருடைய முகவரிக்கு அனுப்பிவைப்பதே அக்கலை. அதற்கு விலையில்லை, அரங்கமும் இல்லை. அஞ்சற்பெட்டியில் இட்ட கணமே அது இட்டவருடைய உடைமையாகவும் இருப்பதில்லை. இதனை நம் மாணவர்கள் நாள்தோறும் பழகுவது நன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தோற்றமும் நெறியும்

அஞ்சலட்டை 1869ஆம் ஆண்டு ஆஸ்திரிய-ஹங்கேரி நாட்டில் முதன்முதல் வெளியிடப்பெற்றது. இந்தியாவில் 1879இல் கால் அணா விலையில் அறிமுகமாயிற்று. ஏழை எளியோரும் வாங்கத்தக்க இவ்வட்டையையும் கடித உறையையும் கலைக்குரிய களமாக மாற்றியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க ஓவியர் ரே ஜான்சன் (1927–1995). அவர் 1950களிலேயே படத்துணுக்குகள் ஒட்டிய கடிதங்களைப் பலருக்கும் அனுப்பலானார். பெறுபவர் தம் பங்காக ஏதேனும் சேர்த்துத் திருப்பி அனுப்பவேண்டும், அல்லது வேறொருவருக்கு அனுப்பவேண்டும் என்று அவற்றில் வேண்டிக்கொள்வார். 1962இல் இந்நட்பு வட்டத்திற்கு 'நியூயார்க் கடிதப் பள்ளி' என்று பொருள்படும் பெயர் அமைந்தது. அதில் கடிதத் தொடர்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஓரெழுத்தை ஜான்சன் மாற்றி, 'நடனம்' என்னும் சொல்லும் உள்ளே ஒலிக்குமாறு எழுதினார். சிலேடையைச் சுவைக்கத் தெரிந்த தமிழ் மாணவர்க்கு இதன் நயம் எளிதில் விளங்கும்.

பின்னர் உலகெங்கும் பரவிய இவ்வட்டத்தார் தம் கண்காட்சிகளுக்கு நெறிகள் சிலவற்றை வகுத்துக்கொண்டனர். தகுதி பார்த்து விலக்குதல் கூடாது. வந்தவை அனைத்தும் காட்சிக்கு வைக்கப்பெறும். கட்டணம் இல்லை. அனுப்பியவை திருப்பித் தரப்படுவதில்லை. பங்கு கொண்டோர் பட்டியல் அனைவருக்கும் அனுப்பப்பெறும். முதற்பரிசு, இரண்டாம் பரிசு என்ற பேச்சே அங்கு இல்லை.

நாள்தோறும் செய்தல்

இக்கலையை அன்றாடக் கடமையாக்கிக் காட்டியவர் ஜப்பானில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த ஓன் கவாரா. 1968 முதல் 1979 வரை, நாளொன்றுக்கு இரண்டு படஅட்டைகளாக, தாம் துயிலெழுந்த நேரத்தை ரப்பர் முத்திரையால் பதித்து அறிந்தவர்களுக்கு அனுப்பிவந்தார். அவ்வட்டைகளில் வேறு செய்தி இராது. 'எழுதுவதற்கு ஒன்றுமில்லை' என்று சொல்வோர்க்கு இதனினும் சிறந்த விடை வேண்டுமோ? எழுந்தேன், இருக்கிறேன், உம்மை நினைத்தேன் என்னும் மூன்றும் அந்த ஒருவரியிலேயே அடங்கிவிடுகின்றன.

'வரைய வராதே' என்பது இரண்டாவது தயக்கம். இதற்கு விடை ஜப்பானின் 'எதெகாமி' என்னும் படக்கடிதத்தில் உள்ளது. அதனைப் பரப்பிய கொய்க்கே குனியோ (1941–2023), செப்பமின்மை குறையன்று, செப்பமின்மையே அழகு என்பதைத் தம் கொள்கையாகக் கொண்டார். கத்தரிக்காயோ மீனோ, கண்முன் உள்ள ஒரு பொருளை முன்வரைவு இன்றித் தூரிகையால் நேரே வரைதல் வேண்டும். தூரிகையை அதன் மேல்நுனியில் பிடித்து மெல்ல இழுப்பதால் கோடு நடுங்கும். அந்நடுக்கமே அவருடைய கையெழுத்து. வண்ணம் சிறிது, சொல் சிறிது, அவ்வளவே. 1978ஆம் ஆண்டு தொடங்கி ஓராண்டுக்குள், இதழ் ஒன்றின் படிகளில் இணைப்பதற்காக 60,000 அட்டைகளை அவர் தம் கையாலேயே வரைந்தார். கணக்கிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 164 ஆகும். அவரை நோக்க, நாளுக்கு ஒன்று என்பது பெருஞ்சுமை ஆகுமோ?

விளையாட்டா, வினையா?

இஃது இளைஞர் விளையாட்டன்றோ எனப் பெரியோர் சிலர் வினவலாம். தென்னமெரிக்க நாடாகிய உருகுவேயில் இராணுவ ஆட்சி நிலவிய காலத்தில், அஞ்சற்கலைஞர்களான கிளமெந்தே பதீனும் ஹோர்ஹே கரபாயோவும் 1977இல் சிறையிலிடப்பட்டனர். ஆட்சியின் கொடுமைகளைத் தம் அஞ்சல் படைப்புகளில் சுட்டியதே அவர்கள் செய்த குற்றம். பல நாட்டு அஞ்சற்கலைஞர்கள் அவர்களுக்காக இடைவிடாது கடிதம் எழுதினர். பதீன் 1979இல் விடுதலை பெற்றார். அஞ்சல்தலை ஒட்டிய ஒரு தாளுக்கு ஓர் அரசு அஞ்சியதென்றால், அதனை விளையாட்டென்று ஒதுக்குவது எங்ஙனம்?

நமக்கு என்ன?

தூது என்பதைத் தனியொரு சிற்றிலக்கிய வகையாக வளர்த்த மொழி நம்முடையது. எழுத்துகளைச் சக்கரமாகவும் நாகமாகவும் அடுக்கிக் காட்டும் சித்திரகவியைத் தண்டியலங்காரத்தில் பாடமாகவே படிக்கிறோம். எனினும் அவற்றைத் தேர்வுத்தாளில் எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். இன்றைய மாணவனின் கை தமிழ் எழுதுவது பெரும்பாலும் தேர்வுக்கூடத்தில்தான். பிறரிடம் அன்பு கூற அவன் கை எழுதுவதில்லை. விரல் கைப்பேசியைத் தொடுகிறது, செய்தி நொடியில் சென்றுவிடுகிறது. விரைவைப் பழித்தல் என் நோக்கமன்று. நொடியில் வந்தது நொடியில் மறைந்தும் போகிறதே என்பதுதான் கவலை. வளைகுடா நாடுகளுக்குப் பொருள்தேடச் சென்றோர் எழுதிய கடிதங்களை வீட்டுப் பெண்கள் கம்பியில் கோத்தும் பெட்டியில் வைத்தும் காத்த காலத்தைச் சமுதாயப் பெரியோர் அறிவர். அத்தாளில் எழுதியவரின் கை இருந்தது. கைப்பேசிச் செய்தியை அவ்வாறு எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார் உளரோ?

டென்மார்க் நாட்டின் அஞ்சல் நிறுவனம் 2025ஆம் ஆண்டின் இறுதியோடு கடித விநியோகத்தையே நிறுத்திவிட்டது. பயன்படுத்துவார் இல்லாத வழி புல் மண்டிப் போகும் என்பதற்கு இது சான்று. நம் ஊரில் அஞ்சற்காரர் இன்னும் வருகிறார். அஞ்சலட்டையின் விலை ஒரு கோப்பைத் தேநீரின் விலையினும் மிகக் குறைவு.

ஆகவே தமிழ்த்துறை மாணவர்க்கு ஒன்று சொல்வேன். நாளொன்றுக்குக் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். பழைய நாட்காட்டித் தாள், பேருந்துச் சீட்டு, திருமண அழைப்பிதழின் ஓரம் யாவும் பயன்படும். அழிப்பானில் எழுத்தைச் செதுக்கி முத்திரை செய்யலாம். இடவலம் மாற்றிச் செதுக்கினால்தான் பதியும்போது நேராக வரும் என்பதை மறவாதீர்கள். மழையில் கரையாத மையைக் கையாளுங்கள். முகவரியைத் தெளிவாக எழுதி, பாட்டிக்கோ, ஓய்வுபெற்ற ஆசிரியர்க்கோ, விடுதியை விட்டுச் சென்ற நண்பனுக்கோ அனுப்புங்கள். மறுமொழி வரவில்லையென்றால் வருந்தாது மறுநாள் அடுத்ததைச் செய்யுங்கள்.

கல்லூரி நிருவாகத்தார்க்கும் உடன்பணியாற்றும் ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். இதனைப் போட்டியாக்கிப் பரிசு அறிவித்துவிடாதீர்கள். மதிப்பெண்ணும் வேண்டா. பேச்சு, கட்டுரை, கவிதை என நாம் தொட்டவை அனைத்தையும் போட்டியாக்கிவிட்டோம். வென்றவர் மூவர், தோற்று ஒதுங்கியவர் முந்நூற்றுவர். தோற்பவர் ஒருவரும் இல்லாத கலை ஒன்றேனும் நம் வளாகத்தில் வாழட்டும். அதற்கு நாம் தரவேண்டியது துறையின் வாயிலில் ஒரு மேசை, சில வண்ணங்கள், ஒரு கட்டு அஞ்சலட்டைகள், இவை மட்டுமே.