தொழுவத்தில் காரணம், ஆகாயத்தில் காரியம்

வலியால் துடிக்கும் மாட்டுக்கு டைக்ளோபினாக் மருந்தை ஊசியில் ஏற்றியவர் செய்தது ஜீவகாருண்யமே. எனினும் அம்மாடு ஓரிரு நாளில் இறந்து, அதன் மாமிசத்தைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகம் பழுதுபட்டு, யூரிக் அமிலம் அவற்றின் ஈரலின்மீதும் இருதயத்தின்மீதும் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளையாய்ப் படிய, அவை கிளையிலேயே கழுத்துத் தொங்கி மடிந்தன. 1990-களில் இக்கழுகுகள் கூட்டங்கூட்டமாக மறையலானபோது, ஏதோ தொற்றுநோய் என்றே ஆராய்ச்சியாளர் பலர் ஐயுற்றனர். லிண்ட்சே ஓக்ஸ் முதலிய ஆய்வாளர்கள் பாகிஸ்தானில் இறந்த பறவைகளைப் பரிசோதித்து மெய்க்காரணத்தை வெளியிட்டது 2004-இல். காரியத்துக்கு அருகே நிற்பதையே காரணமென்று பற்றிக்கொள்வது மனித சுபாவம். மருந்துக்கு அனுமதி வழங்கும் சபையோ அந்தச் சுபாவத்துக்கு இடங்கொடுக்கலாகாது. மாட்டுக்கு நன்மையா என்று விசாரித்தவர்கள், அந்த மாட்டின் உடலைப் பின்னர் எந்தப் பிராணி புசிக்கும் என்றும் விசாரித்திருக்க வேண்டும். 2006-இல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அம்மருந்து தடையான பின்னும், மனிதருக்கென்று விற்ற பெரிய குப்பிகள் தொழுவத்துக்குள் நுழைந்தவண்ணம் இருந்தன. 3 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட குப்பி கூடாதென்ற விதி 2015-இல்தான் வந்தது. தமிழகத்தின் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சிய பாறுகளை எண்ணுகையில், இத்தாமதத்தை என்னால் மன்னிக்க இயலவில்லை. மாற்றாகப் பயன்பட்ட அசிக்ளோபினாக்கும் மாட்டின் உடலுக்குள் டைக்ளோபினாக்காகவே மாறுகிறது என்பது தெரிந்திருந்தும், அதைத் தடைசெய்ய 2023 வரை காத்திருந்தோமே!