சாப்பிட மட்டும்தானே போனோம்?

ஜெர்மனியில் படிக்கவும் பணியாற்றவும் சென்றுள்ள நம் பிள்ளைகள் சிலர் ஒரு வாதத்தை முன்வைக்கின்றனர்: "வைன்ஷ்டூப என்பது சாராயக்கடை அன்று, குடும்பத்தோடு உண்ணும் எளிய உணவகமே. நாங்கள் குடிப்பதில்லை, சாப்பிட மட்டும்தான் போகிறோம்." இதைக் கேட்டுப் பெற்றோரும் அமைதியடைந்து விடுகின்றனர்.

அமைதியடைய இதில் ஒன்றுமில்லை. அப்பெயருக்குப் பொருளே திராட்சை மது அருந்தும் அறை என்பதுதான். அங்கே மதுவுக்குத் துணையாகவே உணவு. ஃபால்ஸ் வட்டாரத்தில் புகழ்பெற்ற ஸவ்மாகன் யாது? பன்றியின் இரைப்பைக்குள் பன்றி இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் அடைத்து வேகவைப்பது. அதை நம் பிள்ளைகள் தெரிந்தே உண்ணமாட்டார்கள். அஞ்சவேண்டியது, பார்வைக்குச் சைவமாகத் தோன்றுபவற்றையே. வெங்காயம் பரப்பிச் சுடும் ட்ஸ்வீபல்கூகனிலும், மெல்லிய ரொட்டியான ஃப்ளாம்கூகனிலும் பன்றிக் கொழுப்புத் துண்டுகளை இடுவது வழக்கம். புளித்த முட்டைக்கோஸான சவர்க்ரவுட் பல சமையலறைகளில் வெள்ளை மது ஊற்றியே வேகிறது. இலையுதிர் காலத்தில் வரும் ஃபெடர்வைஸரோ கலங்கிய பழச்சாறுபோல் இனிக்கும். உண்மையில் அது நொதித்துக்கொண்டிருக்கும் திராட்சைச் சாறு. அதன் ஆல்கஹால் 4 விழுக்காட்டளவில் தொடங்கி, நாளுக்கு நாள் ஏறி, 10-ஐயும் தாண்டும். "ஜூஸ்தான்" என்று நண்பன் நீட்டினால்?

"இவை எதுவும் கலவாததைக் கேட்டு வாங்குவோம்" எனலாம். அப்போதும் மேசை இருக்கிறதே! அறிமுகமற்றோரும் ஒரே மேசையில் நெருங்கி அமர்வது அங்கே மரபு. ஃபால்ஸில் அரை லிட்டர் மதுக் குவளை ஒன்றே கைமாறிச் சுற்றுவதும் உண்டு. அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்புபவர் மது சுற்றிவரும் உணவு விரிப்பில் அமர வேண்டாம் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. அருந்தாமலிருப்பது மட்டுமே போதுமெனில், அமர்வதைத் தடுத்தது எதற்கு?

ஜெர்மானியரை நான் குறைகூறவில்லை. அங்குள்ள திராட்சை விவசாயிகள் பருவகாலத்தில் வீட்டு வாசலில் துடைப்பத்தைத் தொங்கவிட்டு, இங்கே மது உண்டு என வெளிப்படையாகவே அறிவிக்கின்றனர். மறைப்பவர் நாம்தாம். ஸ்வாபியப் பகுதியில் மவுல்டாஷன் என்றொரு கொழுக்கட்டை உண்டு. கிறிஸ்தவ நோன்புக் காலத்தில் துறவிகள் இறைச்சியை மாவுக்குள் ஒளித்து, இறைவன் பார்வையிலிருந்து தப்ப முயன்றதில் அது பிறந்ததாக அவ்வூராரே கேலியாகக் கதை சொல்வர். "சாப்பிட மட்டும்" என்பதும் அத்தகைய மாவுதான்.

பெற்றோர்களே, அலைபேசியில் "சாப்பிட்டாயா?" என்பதோடு நிறுத்தாதீர்கள், எங்கே, யாருடன் என்றும் கேளுங்கள். சக ஊழியர்களுடன் உண்ணவே வேண்டுமெனில், பிள்ளையே அவர்களை மது விற்காத ஹலால் உணவகத்துக்கு அழைத்துச் செல்லட்டும். துருக்கியர் கடை என்பதாலேயே அது ஹலால் ஆகிவிடாது. அங்கும் விசாரித்த பின்னரே அமர வேண்டும்.