வருவாய் ஏறியும் லாபம் ஏறாதது ஏன்? தனியார் பண்பலை நிறுவனங்களின் காலாண்டுக் கணக்கு உணர்த்துவது என்ன

புது தில்லி: தனியார் பண்பலை வானொலி நிறுவனங்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பங்குச் சந்தைகளில் தாக்கல் செய்யும் நிதிநிலை அறிக்கைகளில், கரோனா காலத்துக்குப் பிறகு ஒரே காட்சி திரும்பத் திரும்பத் தென்படுகிறது. விளம்பர நேரம் விற்பனையாகிறது; 2020-இல் ஏற்பட்ட பள்ளத்திலிருந்து வருவாயும் மேலேறியுள்ளது. ஆனால், அறிக்கையின் கடைசி வரியில் நிகர லாபம் மெலிந்தோ, நஷ்டமாக மாறியோ நிற்கிறது.

நேயர்கள் கைப்பேசிச் செயலிகளுக்கு மாறிவிட்டதே இதற்குக் காரணம் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. அது உண்மையின் ஒரு பாதி மட்டுமே. மறுபாதி, 2015-ஆம் ஆண்டு நடைபெற்ற அலைவரிசை ஏலத்திலும், அதையொட்டி நிர்ணயிக்கப்பட்ட உரிமக் கட்டண விதியிலும் இருக்கிறது. அந்த உரிமங்களில் பெரும்பகுதி 2030 மார்ச் 31-ஆம் தேதியுடன் காலாவதியாக இருப்பதால், இனி வெளியாகும் ஒவ்வொரு காலாண்டு அறிக்கையையும் அந்தத் தேதியை மனதில் கொண்டே வாசிக்க வேண்டியுள்ளது.

3,100 கோடியிலிருந்து 2,500 கோடி

இந்திய வர்த்தக தொழில் கூட்டமைப்பான ஃபிக்கியும் இஒய் நிறுவனமும் ஆண்டுதோறும் வெளியிடும் ஊடகத் துறை அறிக்கையின்படி, 2019-இல் இந்திய வானொலித் துறையின் வருவாய் சுமார் ரூ.3,100 கோடி. பொது முடக்கம் அமலில் இருந்த 2020-இல் அது பாதிக்கும் கீழே, ஏறத்தாழ ரூ.1,400 கோடியாகச் சரிந்தது. அதன் பின்னர் ஆண்டுதோறும் உயர்ந்து, 2024-இல் சுமார் ரூ.2,500 கோடியை எட்டியது. அதாவது, ஐந்து ஆண்டுகள் கடந்த பிறகும் பழைய நிலையில் ஐந்தில் நான்கு பங்கையே துறை மீட்டுள்ளது. இடைப்பட்ட காலத்தின் விலைவாசி உயர்வைக் கணக்கில் கொண்டால் இழப்பு இன்னும் பெரிது.

இந்த மீட்சியிலும் ஒரு முரண் உள்ளது. விற்பனையாகும் விளம்பர நேரம் பெருமளவு திரும்பிவிட்டது. ஒரு விநாடிக்குக் கிடைக்கும் விலை திரும்பவில்லை. நெருக்கடிக் காலத்தில் விளம்பரதாரர்களைத் தக்கவைக்க வழங்கப்பட்ட தள்ளுபடியே பின்னர் வழக்கமான விலையாக நிலைத்துவிட்டது. அரசு விளம்பரங்களுக்கான அடிப்படைக் கட்டணம்கூட 2015 டிசம்பரில் நிர்ணயிக்கப்பட்ட அளவிலேயே நீடித்து, 2023 அக்டோபரில்தான் 10 விநாடிக்கு ரூ.52-இலிருந்து ரூ.74-ஆக உயர்த்தப்பட்டது.

ரேடியோ சிட்டி நிலையங்களை நடத்தும் மியூசிக் பிராட்காஸ்ட் நிறுவனம் இந்த நிலைக்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 2001 ஜூலையில் பெங்களூரில் நாட்டின் முதல் தனியார் பண்பலை நிலையத்தைத் தொடங்கிய பெருமை ரேடியோ சிட்டிக்கு உண்டு. தற்போது ஜாக்ரண் பிரகாஷன் குழுமத்தின் அங்கமாக, 39 நகரங்களில் அது ஒலிக்கிறது. 2018-19-இல் ஏறத்தாழ ரூ.325 கோடியாக இருந்த இந்நிறுவனத்தின் வருவாய், 2020-21-இல் சுமார் ரூ.128 கோடியாகக் குறைந்து, 2023-24-இல் சுமார் ரூ.228 கோடிக்குத் திரும்பியது. அதே காலத்தில் நிகர லாபமோ சுமார் ரூ.62 கோடியிலிருந்து ரூ.7 கோடி அளவுக்கு இறங்கியது. பங்குதாரர்களுக்கு 2023-இல் வழங்கப்பட்ட முன்னுரிமைப் பங்குகளுக்கான கணக்கியல் வட்டியும் இதில் ஓரளவு அடங்கும். இருப்பினும், வருவாய் 30 சதவீதம் குறைந்த இடத்தில் லாபம் ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்தது என்பதே, இத்தொழிலில் செலவு எவ்வளவு இறுக்கமானது என்பதைக் காட்டுகிறது.

காலாண்டை எப்படி வாசிப்பது?

வானொலி நிறுவனத்தின் ஒரு காலாண்டை அதற்கு முந்தைய காலாண்டுடன் ஒப்பிடுவது பெரும்பாலும் தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும். நவராத்திரி, தீபாவளி விற்பனையை ஒட்டி நகைக்கடைகள், துணிக்கடைகள், வீட்டு உபயோகப் பொருள் விற்பனையாளர்கள், வாகன முகவர்கள் ஆகியோர் விளம்பரங்களைக் குவிப்பதால், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டு இயல்பாகவே வலுவானது. கடந்த ஆண்டின் இதே காலாண்டுடன் ஒப்பிடுவதே முறை என்றாலும், அதிலும் கவனம் தேவை.

2024-இல் நவராத்திரி அக்டோபர் 3-ஆம் தேதி தொடங்கியது. 2025-இல் செப்டம்பர் 22-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. தீபாவளியும் அக்டோபர் 31-இலிருந்து அக்டோபர் 20-க்கு முன்னகர்ந்தது. பண்டிகைக்கு முந்தைய விளம்பரச் செலவின் ஒரு பகுதி இதனால் ஒரு காலாண்டிலிருந்து மற்றொன்றுக்கு இடம் மாறுகிறது. ஜூலை-செப்டம்பர் காலாண்டில் தோன்றும் வளர்ச்சியும் அடுத்த காலாண்டில் தோன்றும் சரிவும் சில நேரங்களில் நாள்காட்டியின் விளைவே. எனவே, இரு காலாண்டுகளையும் சேர்த்துப் பார்ப்பதே பாதுகாப்பானது.

தேர்தலும் இதேபோல் கணக்கை மாற்றும். 2024 மார்ச் 16 முதல் ஜூன் தொடக்கம் வரை தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருந்தன. அக்காலத்தில் அரசுத் திட்ட விளம்பரங்கள் நின்று, கட்சிகளின் விளம்பரங்கள் வந்தன. அத்தகைய காலாண்டை அடிப்படையாகக் கொண்டு அடுத்த ஆண்டின் வளர்ச்சியை அளந்தால் படம் பிசகும்.

வாசகர் கவனிக்க வேண்டிய மற்றோர் இடம், வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபத்துக்கும் நிகர லாபத்துக்கும் உள்ள இடைவெளி. நிலையம் அன்றாடச் செலவுகளைச் சமாளிக்கிறதா என்பதை முதலாவது கூறும். அலைவரிசைக்காக ஏற்கெனவே செலுத்திய பெருந்தொகை எவ்வளவு அழுத்துகிறது என்பதை இரண்டாவது கூறும்.

169 கோடியின் நிழல்

2015-இல் நடைபெற்ற மூன்றாம் கட்ட ஏலத்தின் முதல் சுற்றில், தில்லியின் ஓர் அலைவரிசை சுமார் ரூ.169 கோடிக்கும், மும்பையின் ஓர் அலைவரிசை சுமார் ரூ.123 கோடிக்கும் விலைபோயின. நகர்ப்புற விளம்பரச் சந்தை ஆண்டுதோறும் வேகமாக வளரும் என்ற நம்பிக்கையில் கேட்கப்பட்ட விலைகள் அவை.

தில்லிக்கான தொகையை 15 ஆண்டு உரிமக் காலத்துக்குப் பகிர்ந்தால், ஆண்டுக்குச் சுமார் ரூ.11.3 கோடி தேய்மானமாக எழுதப்பட வேண்டும். காலாண்டுக்கு அது ஏறத்தாழ ரூ.2.8 கோடி. விளம்பரம் வந்தாலும் வராவிட்டாலும் இந்தச் செலவு மாறாது. மின்கட்டணம், ஒலிபரப்புக் கோபுர வாடகை, பாடல்களுக்கான காப்புரிமைத் தொகை, தொகுப்பாளர்களின் ஊதியம் ஆகியவை இதற்கு மேல்.

ஆண்டு உரிமக் கட்டண விதி அடுத்த சுமை. நிலையத்தின் மொத்த வருவாயில் 4 சதவீதம், அல்லது அந்த நகரத்துக்கான ஒருமுறை நுழைவுக் கட்டணத்தில் 2.5 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதைச் செலுத்த வேண்டும் என்பதே தற்போதைய விதி. ரூ.169 கோடியில் 2.5 சதவீதம் சுமார் ரூ.4.2 கோடி. இந்தக் குறைந்தபட்சத் தொகையை 4 சதவீத வருவாய்ப் பங்கு எட்ட வேண்டுமானால், அந்த ஒரு நிலையம் மட்டும் ஆண்டுக்குச் சுமார் ரூ.106 கோடி ஈட்ட வேண்டும். நாடு முழுவதும் 39 நிலையங்களை நடத்தும் ஒரு நிறுவனத்தின் மொத்த ஆண்டு வருவாயே 2023-24-இல் ரூ.228 கோடி என்பதோடு இதை ஒப்பிட்டால், அந்த எல்லை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது விளங்கும்.

வருவாயில் பங்கு என்ற பெயரில் அறிமுகமான ஏற்பாடு, சந்தை தளரும்போது நிலையான வாடகையாக மாறிவிடுகிறது. மந்தமான காலாண்டில் நிறுவனத்தின் சுமை குறைவதற்குப் பதிலாக, விகித அளவில் அதிகரிக்கிறது.

புதிய நகரங்களுக்கு ஒரு விதி, பழைய நகரங்களுக்கு ஒரு விதி

இந்தச் சிக்கலை ஒழுங்குமுறை அமைப்பே ஏற்றுக்கொண்டுள்ளது. ஆண்டு உரிமக் கட்டணத்தை நுழைவுக் கட்டணத்துடன் பிணைக்கக் கூடாது, மொத்த வருவாயில் 4 சதவீதம் மட்டுமே வசூலிக்க வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. தனியார் பண்பலை நிலையங்கள் மணிக்கு 10 நிமிடங்கள் வரை சொந்தமாகச் செய்தி, நடப்பு நிகழ்வு நிகழ்ச்சிகளை ஒலிபரப்ப அனுமதிக்கலாம் என்பதும், கைப்பேசிகளில் பண்பலை ஏற்பிகள் செயல்படும் நிலையில் இருக்க வேண்டும் என்பதும் அதே பரிந்துரைகளில் இடம்பெற்றன.

2024 ஆகஸ்ட் 28-ஆம் தேதி மத்திய அமைச்சரவை, 234 புதிய நகரங்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் அளித்தது. அதற்கான குறைந்தபட்ச விலை ரூ.784.87 கோடி. இந்நகரங்களுக்கு ஆண்டு உரிமக் கட்டணம், ஜிஎஸ்டி நீங்கலாக மொத்த வருவாயில் 4 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த முடிவு புதிய நகரங்களுக்கு மட்டுமே பொருந்தும். துறையின் வருவாயில் பெரும்பகுதியை ஈட்டித் தரும் பெருநகர நிலையங்களுக்கு இந்தச் சலுகை அப்போது அறிவிக்கப்படவில்லை.

அரசின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அலைவரிசை பொதுச் சொத்து. விதிகளை அறிந்தே நிறுவனங்கள் போட்டியிட்டு விலை கேட்டன. ஏலம் முடிந்த பிறகு நிபந்தனைகளைத் தளர்த்தினால், அதிக விலை கேட்க அஞ்சி ஒதுங்கிய போட்டியாளர்களுக்கு அது அநீதியாகும் என்ற வாதத்தை எளிதில் புறக்கணிக்க இயலாது. எனினும், சிறு நகரங்களின் புதிய அலைவரிசைகளை வாங்க வேண்டியவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இத்தொழிலில் இருப்பவர்களே. அவர்களின் பெருநகரக் கணக்கு நஷ்டத்தில் இருக்கும்போது, புதிய ஊர்களில் முதலீடு செய்ய முன்வருவார்களா என்பதே கேள்வி.

காற்றலைக்கு வெளியே தேடும் வருவாய்

இந்த நெருக்கடியிலிருந்து மீள, நிறுவனங்கள் விளம்பர நேர விற்பனைக்கு வெளியே வழி தேடுகின்றன. மிர்ச்சி நிலையங்களை நடத்தும் என்டர்டெயின்மென்ட் நெட்வொர்க் இந்தியா நிறுவனம், 2023-ஆம் ஆண்டின் இறுதியில் கானா இசைச் செயலியைத் தன்வசம் கொண்டுவந்தது. இசை நிகழ்ச்சிகள், விருது விழாக்கள், சமூக ஊடக விளம்பரங்கள் ஆகியவற்றிலிருந்து வரும் தொகையும் அறிக்கைகளில் தனியாகச் சுட்டப்படுகிறது.

இங்கும் எச்சரிக்கை தேவை. பண்பலையில் கூடுதலாக ஒரு விளம்பரம் ஒலித்தால் அதற்கான கூடுதல் செலவு மிகக் குறைவு. வரும் தொகையில் பெரும்பகுதி லாபமே. மேடை நிகழ்ச்சிக்கோ அரங்கு, கலைஞர், பாதுகாப்பு எனத் தனித்தனிச் செலவு உண்டு. ஆகவே, நிகழ்ச்சிகளால் ஒரு காலாண்டின் வருவாய் 20 சதவீதம் உயர்ந்தாலும், லாபம் அதே அளவில் உயரும் என்று எதிர்பார்க்க முடியாது.

மதிப்புச் சரிவு

ஏட்டில் தெரியும் அழுத்தம் சந்தை மதிப்பிலும் பிரதிபலித்துள்ளது. 2017 மார்ச்சில் மியூசிக் பிராட்காஸ்ட் தனது பங்கை ரூ.333-க்குப் பொதுமக்களுக்கு வெளியிட்டது. பின்னர் ஒரு பங்கு ஐந்தாகப் பிரிக்கப்பட்டதால், இன்றைய கணக்கில் அது ரூ.66.60. அந்தப் பங்கு 2025-இல் 10 ரூபாய்க்கும் கீழே வர்த்தகமானது.

2019 மே மாதம், பிக் எஃப்.எம். நிலையங்களை நடத்திய ரிலையன்ஸ் பிராட்காஸ்ட் நெட்வொர்க்கை ரூ.1,050 கோடி மதிப்பில் வாங்க இதே மியூசிக் பிராட்காஸ்ட் முன்வந்தது. அந்த ஒப்பந்தம் நிறைவேறவில்லை. பின்னர் திவால் நடவடிக்கைக்கு உள்ளான ரிலையன்ஸ் பிராட்காஸ்ட், தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலுடன் 2024-இல் சஃபையர் மீடியாவின் வசமானது. அதற்கான தொகை ரூ.261 கோடி. இயங்கும் நிறுவனத்தையும் திவாலான நிறுவனத்தையும் நேருக்கு நேர் ஒப்பிட இயலாது என்றாலும், ஐந்தே ஆண்டுகளில் மதிப்பு நான்கில் ஒரு பங்காகியது துறையின் போக்கைக் காட்டுகிறது. தில்லி, மும்பை, கொல்கத்தாவில் பண்பலை நிலையங்களை நடத்திய டிவி டுடே நெட்வொர்க்கும், அத்தொழிலை மூட 2025 ஜனவரியில் முடிவெடுத்தது.

2030-க்கு முன்னால்

நிலையம் ஒன்று மௌனமாகும்போது இழப்பு பங்குதாரர்களுடன் முடிவதில்லை. தொலைக்காட்சி விளம்பரத்துக்குச் செலவிட இயலாத உள்ளூர்த் துணிக்கடைக்கும், பயிற்சி மையத்துக்கும், மருத்துவமனைக்கும் தங்கள் ஊர் மக்களை ஒரே நேரத்தில் எட்டும் மலிவான வழி பண்பலை. புயல், வெள்ளக் காலங்களில் கைப்பேசி இணைப்பு துண்டிக்கப்பட்டாலும் பேட்டரியில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டி ஒலிக்கும்.

இந்நிலையில், சென்னை உட்பட 13 பெரிய நகரங்களில் எண்ணிம வானொலியை அறிமுகப்படுத்துவது குறித்தும் டிராய் பரிந்துரைகளை வழங்கியுள்ளது. ஒரே அலைவரிசையில் பல நிகழ்ச்சித் தடங்களை வழங்க அத்தொழில்நுட்பம் உதவும். ஆனால் புதிய ஒலிபரப்புக் கருவிகளுக்கு முதலீடு வேண்டும். நேயர்களிடம் புதிய ஏற்பிகளும் வேண்டும். உரிமக் காலத்தின் கடைசி ஆண்டுகளில் இருக்கும் நிறுவனம், அடுத்த காலகட்டத்தின் விதி தெரியாமல் அத்தகைய முதலீட்டில் இறங்குவது கடினம்.

ஆகவே, அடுத்து வரும் காலாண்டு முடிவுகளில் கவனிக்க வேண்டியவை மூன்று: விளம்பர நேரத்தின் அளவு அல்ல, அதன் விலை உயர்கிறதா என்பது, அன்றாட லாபத்துக்கும் நிகர லாபத்துக்கும் உள்ள இடைவெளி குறைகிறதா என்பது, உரிமப் புதுப்பிப்பு குறித்து நிர்வாகம் என்ன கூறுகிறது என்பது. முதலாவது சந்தையின் கையில் உள்ளது. இரண்டாவதில் ஒரு பகுதியும் மூன்றாவது முழுவதும் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கையில் உள்ளன. 2015-இன் நம்பிக்கையில் நிர்ணயித்த விலையையே 2030-க்கும் அளவுகோலாக அமைச்சகம் கொண்டால், அடுத்த ஏலத்தில் கேட்கப்படும் தொகை எவ்வளவு என்பதைவிட, கேட்க எத்தனை பேர் எஞ்சியிருப்பார்கள் என்பதே முக்கியமான கேள்வியாக இருக்கும்.