நீரின் ஓசையும் மொழியின் செவியும்

‘மழை பெய்தது’ என்பது ஒரு செய்தி. ‘மழை சோவெனப் பெய்தது’ என்றால் அந்த மழை நம் செவியில் விழுகிறது. இவ்வாறு ஓசையைச் சொல்லாக்கித் தருபவை ஒலிக்குறிப்புச் சொற்கள். இவை குழந்தைகளின் பேச்சுக்கு உரியவை, கட்டுரைகளில் இவற்றுக்கு இடமில்லை என்று கருதுவோர் உள்ளனர். இக்கருத்து பொருத்தமற்றது என்பதற்கு ஜப்பானிய மொழியே தக்க சான்று.

ஜப்பானின் பெரும்பகுதியில் ஜூன், ஜூலைத் திங்கள்களில் மழைக்காலம் நிலவும். அந்நாட்டு மக்கள் மழை என்னும் பெயரோடு நிறைவடைவதில்லை. அது பெய்யும் விதத்தையும் ஓசையால் சுட்டுகின்றனர். ஒன்றிரண்டு துளிகள் விழத் தொடங்கினால் ‘பொட்சுபொட்சு’ என்பர். கொட்டித் தீர்க்கும் மழைக்கு ‘ஜாஜா’ என்பது சொல். மெல்லிதாக, அமைதியாக, நெடுநேரம் பெய்யும் மழையை ‘ஷித்தோஷித்தோ’ என்பர். ஓசை மிகுந்த மழைக்கு ஓசைச்சொல் இருப்பது இயல்பு. ஏறத்தாழ ஓசையே இல்லாத மழைக்கும் அம்மொழியில் ஒரு சொல் இருப்பது வியப்புக்குரியது.

இச்சொற்களை ஜப்பானியர் இரு வகையாகப் பிரிக்கின்றனர். காதால் கேட்கும் ஓசையைத் தருபவை ‘கியோங்கோ’. ஓசையின்றி நிலையையோ இயல்பையோ உணர்த்துபவை ‘கிதைகோ’. தமிழ் இலக்கணம் பயில்வோர்க்கு இப்பாகுபாடு புதிதன்று. ‘சலசல’ என்பது ஓசை. ‘பளபள’ என்பது ஒளியின் குறிப்பு. தொல்காப்பியரும் இசை, குறிப்பு, பண்பு என்பவற்றை வேறுபடுத்திக் காட்டியுள்ளார். இரட்டைக்கிளவி பிரிந்து நின்று பொருள் தராது என்றும் கூறியுள்ளார்.

ஜப்பானியர் ஓர் எழுத்தின் ஓசையை மாற்றியே நீரின் எடையையும் மாற்றிக் காட்டுவர். சிறு துளிகள் சொட்டுவது ‘பொத்தபொத்த’. இதன் முதலெழுத்தைப் ‘பல்’ என்னும் சொல்லில் உள்ள பகரம்போல ஒலிக்க வேண்டும். அதே எழுத்தை ‘அம்பு’ என்பதில் உள்ள பகரம்போல ஒலித்தால், கனத்த பெருந்துளிகள் சொட்டுவதாகப் பொருள். தமிழ் எழுத்தில் இவ்விரண்டையும் வேறுபடுத்தி எழுத இயலாது. இந்தி பயிலும் மாணவர் தேவநாகரியில் எழுதிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஓசை வன்மையானால் பொருளும் கனக்கிறது என்பதே இதன் அடிப்படை.

சிற்றோடை தடையின்றி ஓடுவதை ‘சரசர’ என்பர். மூங்கில் இலைகள் உரசுவதற்கும் அதே சொல்தான். தமிழில் ஓடை ‘சலசல’வென ஓடும், உலர்ந்த சருகுதான் ‘சரசர’க்கும். இருமொழியாளரும் ஒரே உலகைக் கேட்கின்றனர். ஆனால், கேட்டதை வெவ்வேறு விதமாகப் பகுத்துக்கொள்கின்றனர்.

வாக்கிய அமைப்பிலும் ஓர் ஒப்புமை உண்டு. ‘அவன் வருவதாகச் சொன்னான்’ என்பதையே ‘வருகிறேன் என்று சொன்னான்’ எனவும் கூறுகிறோம். அந்த ‘என்று’ என்பதையே ‘சலசலவென்று ஓடியது’ என ஓசையோடும் சேர்க்கிறோம். ஜப்பானியர் இவ்விரண்டு இடங்களிலும் ‘தோ’ என்னும் ஒரே இடைச்சொல்லைப் பயன்படுத்துகின்றனர். மனிதர் பேசியதைச் சொல்வதுபோலவே நீர் பேசியதையும் சொல்லும் முறை இது. இவ்வொப்புமையை மட்டும் கொண்டு இரு மொழிகளும் உறவுடையவை என முடிவு செய்தல் கூடாது.

இச்சொற்களை விரும்பாதவர்கள் ஜப்பானிலும் இருந்தனர். புகழ்பெற்ற எழுத்தாளர் மிஷிமா யுகியோ 1959-இல் வெளியிட்ட உரைநடை பற்றிய நூலில், இவற்றை மிகுதியாகக் கையாள்வது நடையின் தரத்தைத் தாழ்த்தும் என்று கருதினார். இக்கருத்தில் ஓரளவு உண்மை உண்டு. 1686-இல் வெளிவந்த பஷோவின் புகழ்மிக்க தவளைக் கவிதையில், நீரில் தவளை குதித்த ஓசைக்கு ஒலிக்குறிப்புச் சொல் எதுவும் இல்லை. ஆயினும், அளவறிந்து பயன்படுத்துவது வேறு. அறவே ஒதுக்குவது வேறு. மியாசாவா கென்ஜி என்னும் எழுத்தாளர் புதிய ஒலிக்குறிப்புகளைத் தாமே படைத்துத் தம் கதைகளுக்கு உயிரூட்டினார். நோயாளிகள் தம் வலி குத்துகிறதா, தெறிக்கிறதா என்பதை மருத்துவரிடம் இத்தகைய சொற்களாலேயே விளக்குகின்றனர். 2007-இல் இச்சொற்களுக்கென வெளியான ஓர் அகராதி 4,500 சொற்களைத் தொகுத்துள்ளது. குழந்தைப் பேச்சு என்று எண்ணியிருந்தால் இத்தகைய அகராதி தோன்றியிருக்குமா?

தமிழிலும் இச்செல்வம் குறைவன்று. மழை பிசுபிசுவெனத் தூறும், சோவெனக் கொட்டும். ஊற்று நீர் குபுகுபுவெனப் பொங்கும். உலைநீர் தளதளவெனக் கொதிக்கும். கண்ணீர் பொலபொலவென உதிரும். இச்சொற்களை மொழிபெயர்த்துக் கற்பது கடினம்; பேசுவோர் வாயிலிருந்து கேட்டே கற்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் பிள்ளைகளுக்கு அவ்வாய்ப்பு பெரும்பாலும் வீட்டில்தான் கிடைக்கிறது. வீட்டிலும் ‘மழை அதிகம்’ என்பதோடு பேச்சு முடிந்துவிட்டால் செய்தி எஞ்சும், ஓசை மறைந்துவிடும். பெயர்ச்சொற்களையும் வினைச்சொற்களையும் பாடநூல் கற்பிக்கும். ‘பொலபொல’வையும் ‘பிசுபிசு’வையும் தாத்தாவும் பாட்டியும் பேசும் பேச்சே கற்பிக்கும்.

எனவே, மாணவர்கள் கட்டுரையில் இரட்டைக்கிளவியை எழுதினால் அதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று அடித்துத் திருத்துதல் தகாது. அது பொருத்தமான இடத்தில் வந்துள்ளதா என்று மட்டுமே பார்க்க வேண்டும். நீரின் ஓசையை உற்றுக் கேட்டவரே அதற்குரிய சொல்லைத் தேர்ந்தெடுக்க இயலும்.

சிந்தித்து எழுதுக

1. ஒலிக்குறிப்புச் சொற்களைக் கட்டுரையில் பயன்படுத்தலாமா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

2. நீரின் ஓசையையோ நிலையையோ உணர்த்தும் ஐந்து தமிழ்ச் சொற்களை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டறிந்து, வாக்கியங்களில் அமைத்து எழுதுக.