வில்லனை விடுங்க, வில்லங்கத்தைப் பாருங்க

போன பதிவுல சொர்ணவாரி நாத்தைப் பத்தி எழுதினேன். இந்தத் தடவை சினிமா. சேத்துல நிக்கிறவனுக்கு சினிமா எதுக்குன்னு கேக்காதீங்க. பதிவு கடைசியில வயல்லதான் வந்து நிக்கும்.

நம்ம தமிழ் சினிமா வில்லனுங்க மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கோபம். அவனுங்க கெட்டவனுங்களா இருக்கானுங்கன்னு இல்ல. கெட்டதை ஒழுங்காச் செய்யத் தெரியாதவனுங்களா இருக்கானுங்க. பக்கத்து வயல்ல ஒரு மூட்டை நெல்லு திருடணும்னா ராக்கெட் விட்டுத் திருடுற ஜாதி. அதைப் பார்த்துப் பார்த்து, நிஜத் திருடன் எப்படி இருப்பான்னே நம்ம ஜனங்களுக்கு மறந்துபோச்சு. அதுதான் என் வழக்கு.

2015ல ஷங்கரோட 'ஐ' படம் வந்துச்சு. ஒரு மாடலிங் பையன் மேல அஞ்சு பேருக்கு ஆத்திரம். அடிச்சுப் போடலாம், கேஸ் போடலாம், வேலை கிடைக்காம பண்ணலாம். இவங்க என்ன பண்றாங்க? ஒரு கிருமியைத் தேடிப் பிடிச்சு, அவனுக்கே தெரியாம ஊசியில ஏத்தி, முடி கொட்டி, பல்லு கொட்டி, முதுகு கூனிப் போற மாதிரி செய்யறாங்க. அந்தப் பையனும் சும்மா இல்ல. ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொரு விதமா உருவம் கெடுற மாதிரி திருப்பிக் கொடுக்கிறான். ரெண்டு பக்கமும் அவ்வளவு உழைப்பு! அந்த உழைப்பை ஒரு காணி நிலத்துல போட்டிருந்தா மூணு போகம் எடுத்திருக்கலாம்.

2011ல 'ஏழாம் அறிவு'. சீனாவுல இருந்து டோங் லீன்னு ஒருத்தன் வர்றான். தெருநாய் ஒண்ணுக்கு ஊசி போட்டு இந்தியா பூரா நோயைப் பரப்பணும், அப்புறம் மருந்து அவங்ககிட்ட இருக்கும், நாம போய்க் கையேந்தணும். இது திட்டம். நடுவுல ஒரு காலேஜ் பொண்ணைக் கொல்லணும். அதுக்குக் கண்ணாலேயே ஆளை மயக்கி, ரோட்டுல போற வண்டியை எல்லாம் மோதவிட்டு அமர்க்களம் பண்றான். அவ்வளவும் பண்ணிட்டு அந்தப் பொண்ணு உயிரோடதான் இருக்கு.

1986ல வந்த கமலோட 'விக்ரம்' படத்துல அக்னிபுத்திரான்னு ஏவுகணையையே கடத்திட்டுப் போய், சலாமியான்னு ஒரு கற்பனை தேசத்துல வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான் வில்லன். 2021 பொங்கலுக்கு வந்த 'பூமி' எங்களை மாதிரி விவசாயிங்களுக்காகவே எடுத்த படமாம். நாசா விஞ்ஞானி ஊருக்குத் திரும்பி வந்து விவசாயம் பாக்கிறார். எதிரி யாருன்னா, உலகத்தையே ஆட்டி வைக்கிற பதிமூணு குடும்பங்க. நம்ம மண்ணு கெட்டதுக்கு அந்தப் பதிமூணு குடும்பம்தான் காரணம்.

இது நம்ம ஊரு வியாதி மட்டும் இல்ல. வெள்ளைக்காரனும் இப்படித்தான். 1964ல வந்த 'கோல்டுஃபிங்கர்' ஜேம்ஸ்பாண்டு படத்துல வில்லன் அமெரிக்கா கஜானாவுல இருக்கிற தங்கத்தைத் திருட மாட்டான். உள்ள அணுகுண்டு வெடிச்சு அந்தத் தங்கத்தை யாரும் தொட முடியாதபடி பண்ணுவான். அப்போ அவன்கிட்ட இருக்கிற தங்கத்துக்கு விலை ஏறும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதே வேலையை நம்ம வெங்காய வியாபாரி ஒரு பூட்டை வச்சு முடிக்கிறான். குடோனைப் பூட்டினான், பத்து நாள் கழிச்சுத் திறந்தான். அணுகுண்டு செலவு மிச்சம்.

நம்ம பெரியவங்களுக்கு இந்த வித்தியாசம் நல்லாத் தெரியும். எங்க பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழான்னா பகல்ல பாரதம் படிப்பாங்க, ராத்திரி கூத்து நடக்கும். கூத்து பார்த்து வளர்ந்தவங்களுக்கு அரக்கு மாளிகையும் தெரியும், சூதும் தெரியும். ரெண்டுமே துரியோதனன் கூட்டத்தோட திட்டம்தான். முதல் திட்டத்தைப் பாருங்க. வாரணாவதத்துல புரோசனனை வச்சு அரக்கு, நெய், எண்ணெய் எல்லாம் சேர்த்து ஒரு மாளிகையே கட்டணும். பாண்டவரை ஆசை காட்டி அனுப்பணும். ஒரு வருஷம் காத்துக் கிடக்கணும். அதுக்குள்ள விதுரர் ஆள் அனுப்பி சுரங்கம் தோண்டியாச்சு. கடைசியில பீமனே தீ வச்சான். மாளிகை கட்டின புரோசனன்தான் எரிஞ்சுபோனான், கூடவே ஒரு பாவமும் அறியாத வேட்டுவச்சியும் அவளோட அஞ்சு பிள்ளைங்களும்.

ரெண்டாவது திட்டம் சகுனியோடது. ஒரு பாய், ஒரு ஜோடி பகடை. எதிராளிக்கு இருக்கிற ஒரே ஒரு பலவீனம். உக்காந்த இடத்துல நாடு போச்சு, தம்பிங்க போனாங்க, பொண்டாட்டி சபையில வந்து நின்னா. ராமாயணத்துல கூனி என்ன பண்ணினா? படை திரட்டினாளா? கைகேயி காதுல ரெண்டு வரத்தை ஞாபகப்படுத்தினா. பதினாலு வருஷம் ராமன் காட்டுக்குப் போயிட்டான். கதை சொன்னவங்க என்ன சொல்றாங்கன்னா, மாளிகை கட்டறவனைப் பார்த்துப் பயப்படாதே, பக்கத்துல உக்காந்து பேசறவனைப் பார்த்துப் பயப்படு.

இப்போ எங்க வயலுக்கு வருவோம்.

புதுச்சேரிக் கணக்குல ஒரு குழி 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி. சதுரமா இருக்கிற ஒரு காணி நிலம் 240 அடிக்கு 240 அடி. பக்கத்து நிலத்துக்காரன் வருஷத்துக்கு ஒரு தடவை வரப்பு வெட்டுறப்போ உங்க பக்கம் அரை அடி தள்ளி வெட்டுறான்னு வைங்க. வருஷம் 120 சதுர அடி. அஞ்சு வருஷத்துல 600. அதாவது ஒரு குழிக்கு மேல போயாச்சு. செலவு என்ன? ஒரு மம்பட்டி. யாரும் ஊசி போடல, நாயை அனுப்பல. நீங்க கேட்டா, "இதுக்குப் போயி சண்டைக்கு வர்றியே மாமா"ன்னு உங்களைத்தான் கெட்டவனாக்குவாங்க.

ஊர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா. புருஷன் செத்து மூணு மாசம். கடன் விஷயமா ஒரு கையெழுத்துன்னு டவுனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டிபன் வாங்கிக் கொடுத்தாங்க, ஆட்டோவுல கொண்டாந்து விட்டாங்க. போட்டது பவர் பத்திரம். ஆறு மாசம் கழிச்சு நிலத்துல கல்லு நட்டப்போதான் அந்தம்மாவுக்கு விஷயமே தெரிஞ்சுது. கூட்டிட்டுப் போனது சீனாக்காரன் இல்ல. சொந்தக்காரப் பையன், அத்தைன்னு கூப்பிடறவன்.

சாமி நிலமே தப்பலையே. பாண்டி பாரதி வீதி காமாட்சியம்மன் கோயிலுக்குச் சொந்தமான ரெயின்போ நகர் நிலத்தைப் போலிப் பத்திரம் வச்சு வித்த வழக்கு பேப்பர் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். சி.பி.சி.ஐ.டி. விசாரிச்சு 2023ல அரசு அதிகாரிங்களும் கைதானாங்க. டவுனுக்கு நடுவுல, கோடிக்கணக்குல மதிப்புள்ள இடம். அதைக் கிளப்ப எந்த விஞ்ஞானி தேவைப்பட்டான்? முத்திரைத்தாளும், சீலும், கண்டுக்காம இருக்கிற நாலு பேரும் போதும்.

மண்ணு கெட்ட கதைக்கும் பதிமூணு குடும்பம் வேண்டாம். 45 கிலோ யூரியா மூட்டை மானியத்துல 270 ரூபாய்க்குள்ள. 50 கிலோ டி.ஏ.பி. 1,350 ரூபாய். கையில காசு இல்லாதவன் எதைத் தூக்குவான்? மலிவா இருக்கிறதைத்தான். பயிர் பச்சைப்பசேல்னு நிக்கும், பூச்சி விருந்துக்கு வரும், மருந்து அடிப்போம், மண்ணுக்குத் தொழு உரம் போடறதை மறந்துபோவோம். அதுவும் சீசன் நேரத்துல சில கடையில, "யூரியா வேணும்னா இந்த டப்பாவையும் சேர்த்து வாங்கு"ன்னு தலையில கட்டுவாங்க. வில்லன் திட்டம்னா இதான். ஒரே வாக்கியம். மறுக்கவும் முடியாது, ரசீதும் கிடையாது.

உழவர்கரைன்னு ஊருக்குப் பேரு இருக்கு. பேருல உழவர் இருக்காங்க, ஊருல தேடுங்க பார்ப்போம். அத்தனையும் வீடு. யாராவது ஏவுகணை விட்டு அந்த நிலத்தைப் பிடிச்சாங்களா? ஒரு வருஷம் வாய்க்கால் தூர்ந்துச்சு. அடுத்த வருஷம் பக்கத்து வயல் தரிசாப் போட்டான். அதுக்கடுத்த வருஷம் ஒருத்தன் வந்து, "இதுல என்னண்ணா கிடைக்குது, மனையாப் போட்டா குழிக்கு இவ்வளவு"ன்னு சொன்னான். அவ்வளவுதான்.

அப்படின்னா சினிமாக்காரங்க ஏன் இப்படிச் சுத்தி வளைக்கிறாங்க? மூணு காரணம் எனக்குத் தோணுது.

ஒண்ணு, கதாநாயகனுக்கு வேலை வேணும். திட்டம் பத்துப் படியா இருந்தாத்தான் ஒன்பதாவது படியில அவர் வந்து தடுக்க முடியும். பத்திரம் பதிஞ்சு முடிச்சதுக்கு அப்புறம் பறந்து வந்து உதைச்சாலும் பத்திரம் கிழியாது. அது கோர்ட்டுக்குப் போகணும், பதினஞ்சு வருஷம் ஆகும், அதுக்குப் பாட்டு வைக்க முடியாது.

ரெண்டு, பயம். சீனாக்காரனோ, பதிமூணு குடும்பமோ படத்தை எதிர்த்து தியேட்டர் வாசல்ல மறியல் பண்ணப் போறதில்ல. மணியக்காரர், புரோக்கர், சொந்த ஜாதித் தலைவர், கட்சிக்காரர்னு கை காட்டினா மறுநாளே பேனர் கிழியும். அதனால யாருக்கும் வலிக்காத இடத்துல வில்லனை வைக்கிறாங்க.

மூணாவதுதான் முக்கியம். அது நம்ம தப்பு. வில்லன் எவ்வளவு தூரத்துல இருக்கானோ, நமக்கு அவ்வளவு நிம்மதி. நாசா வரைக்கும் போற சதியைப் பார்த்துக் கை தட்டிட்டு வீட்டுக்கு வந்தா, நாம அரை அடி வெட்டின வரப்பு பாவமாவே தெரியாது. தங்கச்சிக்குச் சொல்லாம பேர் மாத்தின பட்டா பாவமாத் தெரியாது. "அதெல்லாம் பெரிய இடத்து விஷயம்பா"ன்னு சொல்லிட்டுப் படுத்துடலாம்.

2020ல கொரோனா வந்தப்போ பார்த்தோமே. 'ஏழாம் அறிவு' படத்துத் துண்டை வெட்டி வாட்ஸ்அப்புல அனுப்பாத ஆள் இல்ல. "அப்பவே சொல்லிட்டான் பாரு"ன்னு பெரிய ஆச்சரியம். அதே நேரத்துல ஊரடங்குன்னு சொல்லி எங்க கத்திரிக்காயைப் பாதி விலைக்கு எடுத்துட்டுப் போய் டவுன்ல ரெண்டு பங்குக்கு வித்தவங்களைப் பத்தி ஒருத்தரும் ஒரு மெசேஜ் அனுப்பல. நாய்க்கு ஊசி போட்டவனை எல்லாருக்கும் தெரியும். கத்திரிக்காய் கணக்கு யாருக்கும் தெரியாது.

"பொழுதுபோக்குக்குப் போறோம், அங்கயும் பட்டா சிட்டாவா"ன்னு என் பையனே கேக்கிறான். சின்ன வில்லனை வச்சா ரெண்டரை மணி நேரம் படம் ஓடாதாம். ஓடியிருக்கே! 1992ல 'தேவர் மகன்'. ஜனங்க நடக்கிற வழியை மறிச்சு ஒரு வேலி போடறாங்க. அந்த வேலியில இருந்துதான் பாதிக் கதை கிளம்புது. ரெண்டு பங்காளி வீட்டுப் பகை, ஒரு வேலி, ஒரு கரை உடைப்பு. நாசர் எந்த லேபுக்கும் போகல. ஆனா மாயத்தேவனை இன்னிக்கும் ஊர்ல காட்டச் சொன்னா நாலு பேரைக் காட்டுவோம். 1994ல 'மகாநதி'. கும்பகோணம் பக்கத்துல நல்லா வாழ்ந்த ஒருத்தனைக் கவுக்க வில்லனுக்குத் தேவைப்பட்டது ஒரு சீட்டுக் கம்பெனி. சிரிச்ச முகம், பட்டணத்து ஆசை, ஒரு கையெழுத்து. அதுக்கப்புறம் அந்தக் குடும்பம் பட்டதைப் பார்த்துட்டு எத்தனை பேர் சீட்டு கட்டப் பயந்தாங்க தெரியுமா? ஒரு படம் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

அதனால சினிமாக்காரங்களே, விவசாயியைக் காப்பாத்தறேன்னு படம் எடுத்தா தயவுசெஞ்சு ராக்கெட்டைக் கொண்டு வராதீங்க. எடை மேடையில நெல்லு ஈரம்னு சொல்லி மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிக்கிறவனைக் காட்டுங்க. ஏரி மதகைத் தனக்கு மட்டும் திறந்துக்கிறவனைக் காட்டுங்க. சிரிச்சுக்கிட்டே அத்தைன்னு கூப்பிடறவனைக் காட்டுங்க. அவனைப் பார்த்தா தியேட்டர்ல கை தட்டு விழாது, ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது. அந்தச் சத்தமில்லாத நிமிஷம் எங்களுக்கு ரொம்பத் தேவை.

படிக்கிற உங்களுக்கும் ஒண்ணு. அடுத்த தடவை பாண்டிக்குப் படம் பார்க்கப் போறவங்க அரை நாள் முன்னாடியே கிளம்புங்க. சார்பதிவாளர் ஆபீஸ்ல உங்க நிலத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்க. செட்டில்மெண்ட் காப்பி எடுத்து, அதுல யார் பேர் இருக்கு, அளவு சரியா இருக்கான்னு பாருங்க. வீட்டுல வயசானவங்க, தனியா இருக்கிற பொம்பளைங்க யாராவது சமீபத்துல எதுலயாவது கையெழுத்துப் போட்டாங்களான்னு கோபப்படாம கேளுங்க. வரப்பை ஒரு தடவை டேப் வச்சு அளந்துடுங்க, ரெண்டு பக்கமும். உங்க பக்கம் அரை அடி கூட இருந்தா, அதையும் திருப்பி வெட்டிக் கொடுத்துடுங்க.