மெட்டு இழந்த கவிகள்

கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையில் இருக்கிறது காரைதீவு. 1892இல் அங்கு பிறந்த சுவாமி விபுலானந்தர் விஞ்ஞானம் பயின்றவர். வழக்கொழிந்த யாழின் நரம்புகள் எப்படி ஒலித்திருக்கும் என்பதைக் கணிதத்தின் துணைகொண்டு தேடி, 1947இல் 'யாழ் நூல்' தந்தார். ஒலியை எண்ணால் அளப்பது மேனாட்டாரின் தனிச்சொத்து என்று இந்தக் கரையில் எவரும் சொல்ல வேண்டாம்.

ஆனால் இன்று யாருடைய பாட்டை அளக்கிறார்கள்?

பார்சலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில், சேவியர் செராவின் தலைமையில் 2011 முதல் 2017 வரை 'கொம்ப்மியூசிக்' என்ற ஆராய்ச்சி நடந்தது. மேனாட்டு இசைக்கென வகுத்த கருவிகளால் உலக இசை அனைத்தையும் அளக்கலாகாது என்பது அதன் வாதம். நியாயமான வாதம்! கர்நாடகம், ஹிந்துஸ்தானி, துருக்கிய மகாம், அரபு-அந்தலூசியம், பீகிங் இசைநாடகம் என ஐந்து மரபுகளை எடுத்துக்கொண்டார்கள். சென்னை ஐ.ஐ.டி.யும் பங்குகொண்டது. மனமார வரவேற்கிறோம். எனினும் ஐந்துமே மேடையேறிப் புகழ்பெற்றவை. கணினிக்குக் கற்பிக்க ஒலிப்பதிவு வேண்டும். பதிவு எவரிடம் குவிந்திருக்கிறதோ அவருடைய இசையே ஆராய்ச்சிப் பொருளாகிறது. அளவுகோலும் அதிலிருந்தே பிறக்கிறது. ராகத்தை அறிய முதலில் ஆதார சுருதியைக் கண்டாக வேண்டும். கச்சேரியில் இடையறாது ஒலிக்கும் தம்புராவை நம்பியே சில முறைகள் அதைக் காண்கின்றன. வயற்காவலில் கவி பாடியவர்களுக்குத் தம்புரா ஏது?

பிறரைக் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. நம் முஸ்லிம் ஊர்களின் கவிகளைத் தேடித் தொகுத்தோர் பெருந்தொண்டு செய்தனர். அவர்கள் கையில் இருந்தவை பேனாவும் தாளும். அச்சேறியது சொல் மட்டுமே. 'மச்சான்' என்ற விளியில் குரல் எங்கே நீண்டது, எங்கே இறங்கிற்று என்பதை எந்தப் பக்கமும் சொல்லவில்லை. மாணவன் அதை வசனமாக வாசித்துப் பரீட்சை எழுதுகிறான். சஹர் வேளையில் பக்கீர் பாவா தட்டிவந்த றபானின் தாளமும், கரைவலை இழுப்போரின் அம்பாவும் அச்சில் அந்த அளவுகூட இல்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது இக்கரையில் மாண்டோரில் பெண்களும் குழந்தைகளும் மிகுதி. அவர்களோடு எத்தனை மெட்டுகள் போயின?

பெண்குரலைப் பதிவுசெய்யலாமா என்று சிலர் புருவம் உயர்த்துவர். பாடுபவரின் சம்மதமே முதற்சட்டம். அவர் மறுத்தால் கருவியை மூடிவைக்க வேண்டியதுதான். ஆனால் அவரைக் கேளாமலே அவர் சார்பில் மறுக்க இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

படித்த பிள்ளைகளின் சாக்கு வேறு: பணம் வேண்டும், ஒலிப்பதிவுக் கூடம் வேண்டும் என்பார்கள். இன்றைய கைத்தொலைபேசியே தொடங்கப் போதும். ஒலியைச் சுருக்காமல் சேமித்தால், ஆம்ஸ்டர்டாமில் உருவான 'பிராட்' என்ற இலவச மென்பொருள் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும். தம்புரா இல்லாத பாட்டின் நிலைச்சுரம் எது, அல்லது அப்படி ஒன்று உண்டா என்பதைக் காதும் அறிவும் கூடித் தீர்மானிக்க வேண்டும். அதுவன்றோ ஆராய்ச்சி!

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடமும் பொறியியற்பீடமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இரு பீடத்து மாணவரும் ஒரு மாலையில் நிந்தவூருக்கு ஒன்றாகப் போகட்டும். பதிவின் முதற்பிரதி பாடிய மூதாட்டியின் வீட்டில் இருக்கட்டும். அவர் சம்மதித்தால் இன்னொன்று ஊர்ப் பாடசாலைக்கு. பார்சலோனாவுக்கு அனுப்புவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.