அச்சின் வலியே வண்டியின் வலி

நின்ற நிலையினின்றும் புறப்பட்டு, கால் மைல், அஃதாவது 1,320 அடி நேர்ப்பாதையை முந்திக் கடப்பதே அமெரிக்க நாட்டில் 'டிராக்' பந்தயம் எனப்படுவது. சில விநாடிகளில் முடியும் இப்பந்தயத்திற்கென மோட்டார்த் தொழிற்சாலைகளே தனி வண்டிகள் இயற்றி விற்றதுண்டு. 1969-இல் செவர்லே தொழிற்சாலை அலுமினிய எஞ்சின் பூண்ட கெமேரோ வண்டிகள் 69 செய்தது. அதன் நினைவாக 2012-இலும் பந்தயத்திற்கென்றே 69 வண்டிகளை இயற்றியது.

இத்தகைய வண்டியைக் கண்டோர் யாவரும் முதற்கண் வினவுவது அதன் குதிரைத்திறனையே. அவ்வினா ஒன்றே போதாதென்பது எமது கருத்து.

எஞ்சின் எத்துணை வலியதாயினும், அவ்வலி பல்சக்கரப் பெட்டி, சுழல்தண்டு, பின்னச்சு ஆகியவற்றின் வழியன்றோ சக்கரத்தை அடைதல் வேண்டும்? சாதாரண டயர் சிறிது வழுக்கி அதிர்ச்சியைத் தணிக்கும். பந்தய டயரோ தரையை இறுகப் பற்றுதலின், புறப்படுங் கணத்து அதிர்ச்சி அச்சின்மேல் விழுகின்றது. 2012-ஆம் ஆண்டு வண்டியில், இரு சக்கரமும் தனித்தனி அசையும் பின்னமைப்பை நீக்கித் திண்ணிய ஒற்றையச்சு பொருத்தியதும் இதுபற்றியே.

ஓர் உறுப்பு ஒருமுறை தாங்கியது கொண்டு அதனை நம்புதல் கூடாது. இரும்பும் களைப்புறும், பத்தாம் ஓட்டத்தில் நிலைத்தது நூறாம் ஓட்டத்தில் முறிதல் கூடும். ஆதலின் அதனைச் சோதனைப் பொறியிற் பூட்டி, முறியுமட்டும் முறுக்கி, அவ்வளவைக் குறித்தல் வேண்டும். களத்திற் பன்முறை ஓட்டிக் கழற்றி, மயிரிழை போன்ற வெடிப்பையும் ஆராய்தல் வேண்டும்.

'இவ்வளவு செலவு எற்றுக்கு?' என்பார் உளர். 1970 மார்ச்சு 8-ஆம் நாள், கலிபோர்னியாவின் லயன்ஸ் களத்தில், டான் கார்லிட்ஸ் என்னும் புகழ்பெற்ற வீரர் தாம் இயற்றிய வண்டியைச் செலுத்துங்கால், பல்சக்கரப் பெட்டி வெடித்துச் சிதறியது. அவர் வலப்பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். பின்னர் எஞ்சினைத் தமக்குப் பின்னே அமைத்துக்கொண்டு 1971-இல் வெற்றி கண்டார். பிறரும் அம்முறையைக் கைக்கொண்டனர். நன்மை விளைந்ததெனினும், பட்டறையில் நிகழவேண்டிய சோதனை மனிதன் பாதத்தின்மேல் நிகழ்ந்ததன்றோ!

தனக்கென வண்டி செய்வோன் தன்னுடலைப் பணயம் வைக்கின்றான்; தொழிற்சாலையோ, விலைகொடுத்து வாங்கும் பிறனுடலைப் பணயம் வைக்கின்றது. ஆதலின் அதன் கடன் பெரிது. 'இவ்வண்டி எத்துணை விரைந்தது?' என்று கேட்பதோடு அமையாது, 'எத்துணை உறுப்புகளை முறித்துப் பார்த்தபின் இதனை விற்றீர்?' என்றும் வினவுவோமாக.